நல்ல கறுப்பு

அந்த மருத்துவமனையில் தரைத்தளத்துக்கும் கீழே ஒரு தளம் உண்டு. அங்கே பத்து வருஷம் வேலை பார்த்த டாக்டர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. லிஃப்டில் அந்தத் தளத்துப் பொத்தானை அழுத்தினால், கூட நிற்பவர்கள் ஒரு மாதிரி திரும்பிப் பார்ப்பார்கள். மேலே ஆபரேஷன் முடிந்ததும் ரத்தம் காய்ந்த கத்தரிகள், இடுக்கிகள், கொக்கிகள் எல்லாம் மூடிய தள்ளுவண்டியில் இங்கேதான் வந்து இறங்கும். ஊறவைத்து, தேய்த்து, கழுவி, உலர்த்தி, எண்ணித் துணியில் கட்டி, ஆள் உயர நீராவி மெஷினுக்குள் ஒரு மணி நேரம் வேகவைத்து, மறுபடி மேலே அனுப்புவார்கள். ஜன்னல் கிடையாது. மழை பெய்ததா என்பதை வேலை முடிந்து வெளியே போகும்போது தரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவள் அங்கே வந்து சேர்ந்தபோது வயது இருபத்தாறு. எட்டாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டவள். கணவன் டயர் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவன். மகளுக்கு அப்போது ஐந்து வயது. முதல் ஒன்பது வருஷம் தன் வேலையைப் பற்றி அவளுக்கு நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு நினைப்பும் கிடையாது. எங்கே வேலை என்று யாராவது கேட்டால் "ஆஸ்பத்திரியில" என்பாள். "நர்ஸா?" என்று அடுத்த கேள்வி வரும். "இல்ல, கழுவுற வேலை" என்பாள். அதோடு அவர்கள் வேறு விஷயத்துக்குப் போய்விடுவார்கள். அப்போது சந்தோஷமாக இருந்தாளா என்றால், துக்கமாக இல்லை என்று சொல்லலாம். மனுஷருக்கு ஆசை என்று ஒன்று முளைக்காத வரைக்கும் அது ஒரு பெரிய சௌகரியம்தான். நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை.

அந்தச் சௌகரியத்தைக் கெடுத்தது மேடம்.

மேடம் அந்தப் பிரிவுக்குத் தலைமையாக வந்த முதல் வாரம் தன் அறைக்குள்ளேயே போகவில்லை. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கழுவுகிற தொட்டியில் வந்து நின்றார். எந்த இடுக்கியின் பல்லில் சதை மாட்டும், எந்தக் குழாயின் வளைவில் பிரஷ் நுழையாது என்று அவளிடமே கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார். அதற்கு முன்னால் அவளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. 'சீக்கிரம்' என்ற ஒரு வார்த்தையைத் தவிர வேறு எதையும் சொன்னதும் இல்லை.

சனிக்கிழமை பதினைந்து பேரையும் கூட்டி வைத்துப் பேசினார். "மேல கத்தி வெக்கிறது டாக்டர். அந்தக் கத்தியை நம்பலாம்னு சொல்றது நீங்க. ஆபரேஷன் மேல ஆரம்பிக்கல. இங்க ஆரம்பிக்குது."

கேட்டுக்கொண்டிருந்த அவளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வீட்டுக்குப் போய் அதை அப்படியே கணவனிடம் சொன்னாள். மறுநாளும் சொன்னாள். மூன்றாம் நாள் அவன், "தெரியும் தாயே, ஆபரேஷன் உன் தொட்டியிலதான் ஆரம்பிக்குது. சாப்பாடு எங்க ஆரம்பிக்குதுன்னு சொல்லு" என்றான்.

மேடம் இரண்டு வழக்கங்களைக் கொண்டுவந்தார். அதுவரை ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு நம்பர் மட்டும் எழுதுவார்கள். இனிமேல் கட்டியவர் தன் முழுப் பெயரையும் எழுத வேண்டும் என்றார். ஆபரேஷன் தியேட்டரில் பிரிக்கிறவருக்கு இது யார் கை பட்டது என்று தெரிய வேண்டுமாம். அவள் குண்டு குண்டான எழுத்தில், பள்ளிக்கூட நோட்டில் எழுதுவதுபோலத் தன் பெயரை எழுதினாள். ரேஷன் அட்டைக்கும் சம்பளப் பட்டியலுக்கும் வெளியே அவள் பெயர் எழுதப்பட்ட முதல் இடம் அதுதான்.

இரண்டாவது வழக்கம் 'சாட்சி' பற்றியது. மெஷினை நிரப்பும்போது நடுவில் ஒரு சோதனைக் கட்டு வைப்பார்கள். அதன் மடிப்புக்குள் விரல் நீளத்துக்கு ஒரு காகிதப் பட்டை இருக்கும். உள்ளே போகும்போது அதன் கோடுகள் வெளிர் மஞ்சள். நீராவி சரியான சூட்டோடு உள்மடிப்பு வரைக்கும் ஏறியிருந்தால் வெளியே வரும்போது மைக் கறுப்பு. அதைத்தான் அவர்கள் சாட்சி என்பார்கள். சாட்சி கறுத்திருந்தால் மொத்தக் கட்டுகளும் மேலே போகும். சாம்பல் நிறத்திலேயே நின்றுவிட்டால், எந்தக் கட்டில் கிருமி செத்தது, எதில் உயிரோடு உட்கார்ந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. முன்பெல்லாம் அப்படி வந்தால் பட்டையை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "கறுப்புதான், கறுப்புதான்" என்று ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள்.

"நல்ல கறுப்பா இல்லைன்னா அது கறுப்பே இல்ல," என்றார் மேடம். "சந்தேகம்னா பிரி. எல்லாத்தையும் பிரிச்சு, முதல்ல இருந்து கட்டு. யார் வந்து கத்தினாலும் சரி."

கத்துவதற்கு ஆள் வர அதிக நாள் ஆகவில்லை. ஒரு காலையில் சாட்சி சாம்பலாக வந்தது. அவள் முப்பது கட்டையும் பிரித்துப் போட்டாள். எலும்பு டாக்டர் பச்சை அங்கியோடு படி இறங்கி வந்து ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தார். மேடம் வாசலில் குறுக்கே நின்றார். "டாக்டர், என் ஆள் சந்தேகம்னு சொன்னா சந்தேகம்தான். நீங்க மேல போய் வெயிட் பண்ணுங்க."

என் ஆள். அந்த வார்த்தையை அவள் அன்று எத்தனை தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள் என்பதற்குக் கணக்கில்லை. அன்று மெஷினைத் திறந்து பார்த்தபோது கதவு ரப்பர் கிழிந்திருந்தது, சந்தேகம் நியாயம்தான் என்று தெரிந்தது. ஆனால் அது தெரிவதற்கு முன்பே மேடம் அவள் பக்கம் நின்றுவிட்டார். அதுதான் அவளைக் கட்டிப் போட்டது.

ஒருநாள் டீ குடிக்கும்போது மேடம் கேட்டார்: "இங்க ஒரு டெக்னீஷியன் நாற்காலி இருக்கே. மெஷினை ஓட்டி, சாட்சியைப் பார்த்துக் கையெழுத்துப் போடுற வேலை. நீ ஏன் அதுல உட்காரக் கூடாது?"

"நான் எட்டாவது மேடம்."

"எட்டாவதுன்னா என்ன, வியாதியா? படி. பத்தாவது எழுது. அப்புறம் ரெண்டு வருஷ சாயங்கால கோர்ஸ். உன்னை அந்த நாற்காலியில உட்கார வெச்சுட்டுத்தான் நான் இந்த ஆஸ்பத்திரியை விட்டுப் போவேன்."

முப்பத்தாறு வயதில் அவள் பத்தாவது எழுதினாள். அதே வருஷம் மகளும் பத்தாவது. வீட்டில் ஒரு காம்பஸ் பெட்டி. அம்மா வட்டம் போட்டு முடித்தால்தான் மகள் போட முடியும். விடிகாலையில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து படிப்பார்கள். மகள் நல்ல மார்க். அம்மா கணக்கில் நூலிழையில் தப்பித்தாள். கணவன் கடை முழுக்க இனிப்பு கொடுத்துவிட்டு வந்து, "என்ன டாக்டரம்மா, இனிமே நாங்கெல்லாம் டோக்கன் வாங்கித்தான் உங்களைப் பார்க்கணுமா?" என்றான். அன்றிலிருந்து வீட்டில் அவள் பெயர் டாக்டரம்மா. சாயங்காலம் அவள் கோர்ஸுக்குப் போனால் சமையல் அவன் பொறுப்பு. உப்பு கூடும், குறையும். யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

கோர்ஸின் இரண்டாம் வருஷம் அவனுடைய அண்ணன் ஆள் அனுப்பினார். வேறு ஊரில் சொந்தமாக டயர் கடை போடுகிறேன், கூட்டாளியாக வா, மாடியில் வீடும் இருக்கிறது என்று. கணவனுக்கு ஆசைதான். இரண்டு நாள் கழித்து, "நீ என்ன சொல்ற?" என்று கேட்டான்.

"இன்னும் கொஞ்ச நாள்தாங்க. நாற்காலி எனக்குத்தான்னு மேடம் சொல்லியிருக்காங்க."

"எழுதிக் குடுத்தாங்களா?"

"அவங்க சொன்னா எழுதின மாதிரி."

அவன் அண்ணனிடம் முடியாது என்று சொல்லி அனுப்பினான். அண்ணன் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார். அந்தக் கடை இப்போது இரண்டு ஷட்டர் வைத்த கடை.

அவள் கோர்ஸை முடித்துச் சான்றிதழ் வாங்குவதற்குச் சில மாதங்கள் முன்னால் மேடத்துக்குப் பதவி உயர்வு வந்தது. நாலாவது மாடிக்குப் போனார். மொத்த ஆபரேஷன் பிரிவும் அவர் கையில். வழியனுப்பும்போது அவள் அழுதாள். "நான் எங்க போறேன், இதே கட்டடத்துலதானே இருக்கேன்," என்று மேடம் தோளைத் தட்டினார். அது பொய் இல்லை. அந்த மனுஷி எதையும் பொய்யாகச் சொன்னவர் இல்லை, அதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

கீழே வந்த புதுத் தலைவருக்கு எல்லோரும் 'கடிகாரம்' என்று பெயர் வைத்தார்கள். யார் என்ன பேசினாலும் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே கேட்பார். நல்ல மனுஷர், கெட்ட மனுஷர் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒன்பது மணிக்குக் கேட்ட கட்டு ஒன்பது மணிக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். இந்தத் தாமதக் கணக்கை மாதாமாதம் கேட்பது நாலாவது மாடி என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை.

நாற்காலி நாலு வருஷத்துக்கு ஒருமுறைதான் காலியாகும். அறிவிப்பு வந்தபோது அவளுக்கு நாற்பத்து மூன்று. வயது வரம்பு நாற்பத்தைந்து. இந்த முறை விட்டால் இனி தலைகீழாக நின்றாலும் கிடையாது. விண்ணப்பம் போட்டாள். நேர்காணலுக்கு ஒரு மாசம் இருந்தது.

அந்த மாசத்தில் ஒரு திங்கட்கிழமை சாட்சி சாம்பலாக வந்தது.

அவள் யோசிக்கக்கூட இல்லை. நாற்பத்திரண்டு கட்டு, அத்தனையையும் பிரித்தாள். மறுபடி கட்டி, மறுபடி மெஷினில் ஏற்றி, ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தாள். சாம்பல். மறுபடி பிரித்தாள். மேலே இருந்து போன் மேல் போன். கடிகாரம் கையைப் பிசைந்தார். "அனுப்பித் தொலைம்மா. லேசா கறுப்பாத்தானே இருக்கு."

"நல்ல கறுப்பு இல்ல சார்."

மூன்றாவது தடவையும் சாம்பல். மூன்று மணி வாக்கில் மெஷின் கம்பெனி ஆள் வந்தான். குழாயை, கதவை, மீட்டரை எல்லாம் பார்த்தான். பிறகு அலமாரியில் இருந்த வேறு டப்பாவைப் பிரித்து ஒரு சாட்சியை வைத்து ஓட்டினான். திறந்தபோது மைக் கறுப்பு. மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. சாட்சிப் பட்டை டப்பாவை யாரோ நீராவிக் குழாய்க்குப் பக்கத்தில் வைத்து, ஈரம் ஏறிப் பட்டைகள் வீணாகியிருந்தன. முதல் தடவை வெந்த நாற்பத்திரண்டு கட்டும் குற்றம் குறை இல்லாதவை. ஒன்பது வருஷம் கழுவி, எட்டு வருஷம் மேடத்தின் வழியில் வேலை பார்த்தவளுக்கு, வேறு டப்பாவில் இருந்து ஒரு பட்டையை எடுத்துப் பார்ப்போம் என்று தோன்றவில்லை. மெஷினைச் சந்தேகப்பட்டாள், தன் கையைச் சந்தேகப்பட்டாள், சாட்சியைச் சந்தேகப்படவில்லை.

ஆறு ஆபரேஷன் மறுநாளைக்குத் தள்ளிப்போனது.

அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் நேர்காணல் குழுவில் மேடம் இருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. எலும்பு டாக்டரையே வாசலில் நிறுத்தியவர். அவருக்குப் புரியாமல் யாருக்குப் புரியும்?

நாலாவது மாடி அறையில் ஏசி குளிர். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவில் மேடம். நீராவி அழுத்தம், சூடு, நேரம், கிருமிகளின் வகை என்று மற்ற இருவரும் கேட்டதற்கெல்லாம் அவள் தடங்கலில்லாமல் பதில் சொன்னாள். ஒருவர் புருவத்தை உயர்த்தித் தலையாட்டவும் செய்தார். மேடம் கோப்பைப் புரட்டினார்.

"அந்தத் திங்கட்கிழமை ஒரு பெரியவர் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் பச்சைத் தண்ணி குடிக்காம தியேட்டர் வாசல்ல படுத்திருந்தார். தெரியுமா?"

"அப்புறம் தெரிஞ்சுது மேடம்."

"மூணு தடவையும் ஒரே டப்பா. வேற டப்பா பார்க்கணும்னு தோணலையா?"

"தோணல மேடம். அது என் தப்புதான்."

"சரி, முதல் தடவை எடுத்த உடனே எல்லாத்தையும் ஏன் பிரிச்ச? எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

அவள் மேடத்தின் முகத்தையே பார்த்தாள். ஏதோ விளையாட்டுக்குக் கேட்கிறார் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். "சந்தேகம்னா பிரின்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க."

மேடம் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. சொந்தக்காரக் குழந்தை சபையில் எதையோ உளறிவிட்டால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. "கீழ இருக்கிறவங்களுக்கு ஒரு உற்சாகம் வரணும்னு நாம நூறு சொல்லுவோம்மா. அதையே பிடிச்சுக்கிட்டுத் தொங்கினா எப்படி?"

வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்று எழுந்தாள்.

நாற்காலி வேறொரு மருத்துவமனையில் இருந்து வந்த பட்டதாரிப் பெண்ணுக்குப் போனது. பலகையில் முடிவு ஒட்டிய அன்று லிஃப்டில் மேடம் எதிர்ப்பட்டார். "மனசைத் தளர விட்டுடாதே. அடுத்த தடவை பார்ப்போம், என்ன?" என்றார். அடுத்த தடவை அவளுக்கு நாற்பத்தேழு ஆகியிருக்கும் என்பது மேடத்துக்கு ஞாபகம் இல்லை. அவள் ஞாபகப்படுத்தவும் இல்லை.

வீட்டில் கணவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணன் கடையைப் பற்றி எடுத்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அவன் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, "சாப்பிடு" என்றான். டாக்டரம்மா என்று அன்றிலிருந்து கூப்பிடுவதில்லை. மகள் செல்போன் விற்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாசம் ஆகியிருந்தது. அந்த வாரம் ஒருநாள் முகமெல்லாம் பூரிப்போடு வந்தாள். "அம்மா, எங்க மேனேஜர் இன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொன்னார்ம்மா, எனக்குள்ள ஒரு லீடர் ஒளிஞ்சிருக்கான்னு. ரெண்டே வருஷத்துல கிளையையே பார்த்துக்கலாமாம். அவர் பேசினா கேட்டுக்கிட்டே இருக்கலாம்மா!" அவள் மகளின் கண்ணில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்தாள். அதே வெளிச்சம் தனக்கு எந்த வருஷம் வந்தது என்று அவளுக்குத் தெரியும். "கை கழுவிட்டு வா" என்று மட்டும் சொன்னாள்.

புது டெக்னீஷியன் பெண் நல்ல மாதிரி. நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் அவளைக் கேட்காமல் ஒன்றும் செய்ய மாட்டாள். இரண்டு மாசம் கழித்து ஒரு காலையில், சோதனைக் கட்டைப் பிரித்த அந்தப் பெண் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்களேன். ஓரத்துல மங்கலா இருக்கு. புது டப்பாதான். பிரிச்சுடலாமா?"

கடிகாரம் மணிக்கட்டைப் பார்த்தார். அவள் பட்டையை வாங்கினாள். ஓரத்தில் ஒரு நகம் அளவுக்குச் சாம்பல். பிரி என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பெண் பிரித்திருப்பாள். அவள் பட்டையை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"கறுப்புதாம்மா. போடு."

பெண் கையெழுத்துப் போட்டாள். கட்டுகள் மேலே போயின.

அதற்கப்புறம் மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் கட்டிய பெரிய செட் எந்த ஆபரேஷனுக்குப் போனது என்று விசாரித்தாள். பித்தப்பையில் கல் இருந்த ஒரு அம்மாவுக்கு. சாப்பாட்டு இடைவேளையில் இரண்டாவது மாடி வார்டுக்குப் போய், யாரையோ தேடுகிற மாதிரி அந்தக் கட்டிலைத் தாண்டித் தாண்டி நடந்தாள். கால்மாட்டில் தொங்கிய ஜுர அட்டையைப் பார்த்தாள். முதல் நாள் ஜுரம் இல்லை. இரண்டாம் நாள் லேசாக ஏறியிருந்தது. மூன்றாம் நாள் இறங்கிவிட்டது. நாலாம் நாள் அந்த அம்மா தலை வாரிக்கொண்டு, மகனோடு ஆட்டோவில் ஏறிப் போனாள். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததில் அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ துக்கம்தான். இத்தனை வருஷம் தான் காவல் காத்தது வெறும் வீம்புதானா என்று தோன்றியதும் உட்காரக்கூட இடம் தேடாமல் வார்டு வராந்தாவிலேயே நின்று அழுதாள். யாரோ சொந்தக்காரர் இறந்துவிட்டார் என்று நினைத்து ஒரு ஆயா தண்ணீர் கொடுத்தாள்.

அடுத்த தடவை மங்கலான பட்டையைக் கறுப்பு என்று சொன்னபோது சாப்பாடு இறங்கியது. அதற்கடுத்த தடவை வார்டுக்குப் போகவில்லை. கட்டின் மேல் எழுதும் பெயர் குண்டு எழுத்தில் இருந்து சுருங்கி ஒரு கிறுக்கலாகிவிட்டது.

வருஷக் கடைசியில் நாலாவது மாடி ஹாலில் கூட்டம் போட்டார்கள். மேடம் மைக்கைப் பிடித்தார். குரல் அதே குரல். கேட்டால் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும். "ஆறு மாசமா கட்டு வரலைன்னு ஒரு ஆபரேஷன் கூடத் தள்ளிப்போகல. ஆபரேஷன் மேல ஆரம்பிக்கல, கீழ ஆரம்பிக்குதுன்னு நான் எப்பவும் சொல்றதுக்கு இதுதான் காரணம்." கைதட்டல் கட்டடத்தைப் பிளந்தது. பிறகு மேடம் அவள் பெயரைச் சொல்லி, முழுப் பெயரையும் சொல்லி, மேடைக்குக் கூப்பிட்டார். சிறந்த ஊழியர் என்று எழுதிய கண்ணாடிப் பலகையை அவள் கையில் கொடுத்துத் தோளை அணைத்துக்கொண்டார்.

"உன் மேல எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததே இல்ல," என்றார் காதோடு.

"தேங்க்ஸ் மேடம்."

லிஃப்டில் தனியாகக் கீழே வந்தாள். பலகையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அலமாரியில், சாட்சி டப்பாக்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஏப்ரனை மாட்டிக்கொண்டு, கையுறையை இழுத்துவிட்டுத் தொட்டிக்கு முன்னால் போய் நின்றாள். மெஷினின் கதவு திறந்து நீராவி அறை முழுக்கப் பரவியது. டெக்னீஷியன் பெண் சோதனைக் கட்டைப் பிரித்துப் பட்டையை நீட்டினாள்.

"அக்கா, இது எப்படி இருக்கு?"

அவள் தொட்டியில் இருந்து தலையைத் தூக்கவில்லை.

"கறுப்புதாம்மா," என்றாள்.